லீசெரூட் யாருடைய பெயர்?

ஹோல்மெடால்,
18 நவம்பர் 1923

அன்புள்ள தம்பி தோர்கில்,

நான் சுகம். நீயும் டக்னியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் இருமல் நின்றதா? கிறிஸ்டியானியாவின் நிலக்கரிப் புகை உன் நெஞ்சுக்கு ஆகாது என்று எத்தனை முறை எழுதிவிட்டேன்! இங்கே பனி முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. இந்த மாதம் மட்டும் நான்கு பிரசவம், நான்கும் நல்லபடியாக முடிந்தன. கடைசிக் குழந்தை காலை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தது. தாயும் பிள்ளையும் நலம், எனக்குத்தான் இன்னும் தோள் வலிக்கிறது.

இன்று ஆராதனை முடிந்ததும் ஊர் அதிகாரி தேவாலய வாசலில் நின்று புதுச் சட்டத்தைப் படித்தார். இனிமேல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாறாத ஒரே பெயர் இருக்க வேண்டுமாம். பண்ணை மாறினால் பெயரையும் மாற்றிக்கொள்வது, அப்பன் பெயரோடு மகன் என்கிற 'சன்' சேர்த்துக்கொள்வது எல்லாம் இத்தோடு சரி. இதுவரை எந்தப் பெயரில் வழங்கினோமோ அதைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு மார்ச் கடைசிக்குள் அவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

அவர் படித்து முடிப்பதற்குள் லீசெரூட் பண்ணையார் எம்ப்ரெட் நரித்தோல் கோட்டோடு முன்னால் வந்து நின்றார்.

"லீசெரூட்ங்கற பேரு எங்க குடும்பத்துக்கு மட்டும்தான். அத முத்திரை போட்டு வாங்கிக்கப் போறேன். பண்ணைக் குடிங்க எல்லாம் ஓல்சன், ஹான்சன்னு ஏதாவது வச்சுக்கங்க. கல்ல விட்டெறிஞ்சா ஒரு ஓல்சன் தலையிலதான் விழுது. இன்னும் நாலு பேர் சேர்ந்தா என்ன கெட்டுப்போச்சு?"

தார் காய்ச்சுகிற க்னூட் பின்னாலிருந்து கேட்டான்: "நாங்களும் நாலு தலைமுறையா லீசெரூட்டுதானே, பண்ணையாரே?"

"பாதிரியார் பதிவேட்டப் பாருடா. அதுல நீங்க லீசெரூட் இல்ல, லீசெரூட்-எய்யெ. எய்யென்னா சொத்து. லீசெரூட்டோட சொத்து. என் பசுமாடு மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் நிலத்தில் குடியிருக்கிறவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கல்லறைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ மறந்திருக்க மாட்டாய். அப்பா இந்த மனுஷனுக்காக மரம் வெட்டும்போதுதான் அடிமரம் உருண்டு செத்தார். தச்சர் செய்து கொடுத்த சிலுவையில் 'பேடர் லீசெரூட்' என்று இருந்தது. அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் 'பேடர்' மட்டும் இருக்கிறது. மிச்சத்தை இழைத்து எடுத்திருந்தார்கள். ஊரே நின்று பார்த்தது. எம்ப்ரெட் என்னிடம் "செத்தவனுக்கு ஒரு பேரு போதும்" என்றார். பத்தொன்பது வருஷமாகிறது. இதற்கு ஒரு நாள் வரும் என்று காத்திருந்தேன். இன்று அது வந்துவிட்டது.

எனக்கு நீ ஒரு வேலை செய்ய வேண்டும். நீ இருப்பது பழைய ஆவணக் காப்பகத்தில். லீசெரூட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன பொருள், முதலில் யாருக்கு இருந்தது என்று தேடு. உன் தாளையும் உடனே நிரப்பி அனுப்பு. அப்பாவுக்கு நீ ஒரே மகன். அந்தப் பட்டியலில் உன் பெயர்தான் முதலில் இருக்க வேண்டும்.

டக்னிக்கு என் அன்பு. காலை ஈரமாக வைத்துக்கொள்ளாதே.

உன் அக்கா,
குன்வோர்


கிறிஸ்டியானியா,
5 டிசம்பர் 1923

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் குறைந்திருக்கிறது. டக்னியும் சுகம். உன் தோளுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு. பனியில் தனியாக மலைப்பாதையில் போகாதே. யாராவது கூப்பிட வந்தால் அவர்களுடைய பனிவண்டியிலேயே போ.

எம்ப்ரெட் சொன்னதைப் படித்தேன். அவர் எப்போதும் அப்படித்தான். ஆனால், அக்கா, அவருக்கு இப்போது எழுபது இருக்கும். இன்னும் எத்தனை நாள்? உனக்கும் ஊரில் நல்ல பெயர் இருக்கிறது, எல்லா வீட்டிலும் உன்னை மதிக்கிறார்கள். பழசைக் கிளறி நீ ஏன் தூக்கம் கெட வேண்டும்? அப்பா திரும்பி வரப் போவதில்லை.

இருந்தாலும் நீ கேட்டபடி தேடுகிறேன். மடாலயக் கணக்குகளும் பழைய வரிப் பட்டியல்களும் கீழ் அறையில் இருக்கின்றன. அங்கே போக மேலாளரின் அனுமதி வேண்டும். கிறிஸ்துமஸுக்குப் பிறகு கிடைக்கும்.

டக்னி உனக்காக ஒரு பொட்டலம் காப்பிக்கொட்டை அனுப்பியிருக்கிறாள். பண்டிகை வாழ்த்துகள்.

உன் அன்புத் தம்பி,
தோர்கில்


ஹோல்மெடால்,
20 ஜனவரி 1924

அன்புள்ள தம்பி,

காப்பிக்கொட்டை கிடைத்தது. டக்னியின் கைக்கு முத்தம் கொடுத்ததாகச் சொல். நான் நன்றாகத்தான் தூங்குகிறேன், கவலைப்படாதே. இப்போதுதான் நன்றாகத் தூங்குகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

வேலையைத் தொடங்கிவிட்டேன். மருத்துவச்சி பையில் கத்தரிக்கோலுக்கும் சோப்புக்கும் கீழே நாற்பது தாள் வைத்திருக்கிறேன். என்னை எந்த வீட்டிலும் யாரும் சந்தேகப்படுவதில்லை. அடுப்பங்கரையில் உட்கார்ந்து, பால்கட்டின மார்புக்கு மருந்து சொல்லிக்கொண்டே, "அந்த லீசெரூட் பேர எழுதியாச்சா?" என்று கேட்கிறேன். குடிசையில் பிறந்தவர்கள், குடிசையை விட்டு ரயில்பாதை வேலைக்குப் போனவர்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொண்டு போனவர்கள் எல்லோரையும் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறேன்.

முதல் தாள் பெர்த்தெக் கிழவியுடையது. உனக்கு நினைவிருக்கும், எம்ப்ரெட்டின் பன்றித் தொட்டியைக் கழுவுகிறவள். தாளை நீட்டினேன்.

"இதுல கையெழுத்துப் போட்டா எனக்கு என்னடி கிடைக்கும்?"

"பண்ணையாருக்கு என்ன பேரோ அதே பேரு உனக்கும்."

"அவருக்கு வயித்தெரிச்சலா இருக்குமா?"

"ரொம்ப."

"அப்படின்னா என் பன்னிக்கும் ஒரு தாள் குடு!" என்று சொல்லி, சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. பிறகு கைநாட்டு வைத்தாள்.

பதினேழு பேர் சேர்ந்தாயிற்று. பதினெட்டாவதாக உன்னை எழுத இடம் விட்டிருக்கிறேன். உன் கடிதத்தில் உப்பு ஒத்தடம் இருக்கிறது, காப்பிக்கொட்டை இருக்கிறது, தாளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்?

உன் அக்கா,
குன்வோர்


கிறிஸ்டியானியா,
16 பிப்ரவரி 1924

அன்புள்ள அக்கா,

நலம். உன் நலமும் அறிய ஆவல்.

கண்டுபிடித்துவிட்டேன்! இரண்டு வாரம் தூசியில் உட்கார்ந்ததற்குப் பலன் இருந்தது. எம்ப்ரெட் விருந்துகளில் என்ன சொல்வார்? 'லீசெ' என்றால் ஒளி, 'ரூட்' என்றால் காட்டை வெட்டித் திருத்திய நிலம். புனித ராஜா அந்த வழியாகப் போனபோது அங்கே ஒளி இறங்கியது, ராஜாவே அந்தப் பெயரை வைத்தார் என்பாரே. 'ரூட்' சரிதான். 'லீசெ' ஒளியே இல்லை.

நானூறு வருஷத்துக்கு முந்தைய நிலப் பட்டியலில் அந்தப் பெயர் 'லோய்சிங்கரூட்' என்று இருக்கிறது. அதற்கும் முந்தைய மடாலயத் தோல் ஏட்டிலும் அப்படித்தான். லோய்சிங் என்றால் கட்டு அவிழ்த்து விடப்பட்ட அடிமை. எஜமானுக்காக உழைத்துக் கடைசியில் விடுதலை பெற்ற அடிமைகளுக்கு, யாருக்கும் வேண்டாத காட்டில் ஒரு துண்டைக் கொடுப்பார்கள். அவர்கள் அதை வெட்டி, எரித்து, கல்லைப் பொறுக்கி நிலமாக்கினார்கள். ஒளி விழுந்த நிலமல்ல அக்கா, அடிமைகள் திருத்திய நிலம். நாக்கு தேயத் தேய லோய்சிங்க லீசெ ஆகிவிட்டது. எம்ப்ரெட்டின் முன்னோர் இருநூறு வருஷத்துக்கு முன்னால்தான் அந்த நிலத்தை வாங்கி, கூடவே பெயரையும் எடுத்துக்கொண்டார்கள்.

இதைப் படித்ததும் வெகுநேரம் கையில் விளக்கோடு நின்றேன். அப்பா கல் பொறுக்கிக்கொண்டு குனிந்திருப்பது கண்ணில் தெரிந்தது.

பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறேன். எங்கேயும் என் பெயரைச் சொல்லாதே. தாள் விஷயம், இங்கே அலுவலகத்தில் வருஷக் கணக்கு வேலை. கொஞ்சம் பொறு.

டக்னி விசாரித்தாள்.

தோர்கில்


ஹோல்மெடால்,
9 மார்ச் 1924

அன்புள்ள தம்பி,

நான் சுகம். நீ அனுப்பியதை நூறு தடவை படித்துவிட்டேன். அடிமைகள் திருத்திய நிலம்! அந்த நரித்தோல் கோட்டுக்கு இது போதும். இப்போது சொல்ல மாட்டேன், நாள் வரட்டும்.

நாற்பத்தொரு பேர் ஆயிற்று. ஆனால் எம்ப்ரெட்டுக்கு வாசனை எட்டிவிட்டது. தாள் கொடுக்கிறவன் குடிசையைக் காலி செய்ய வேண்டும் என்று ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். க்னூட் பயந்துபோய்த் தன் தாளைத் திருப்பிக் கேட்டான். அவன் மனைவிக்கு இது ஏழாவது மாதம். நான் அவளைப் பார்த்துச் சொன்னேன்:

"வாங்கிக்க. ஆனா மே மாசம் வலி வந்தா யாரைக் கூப்பிடப் போற?"

அவள் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. க்னூட் தாளை மறுபடி என் பையில் வைத்தான். நீ இதைப் படித்து முகம் சுளிப்பாய், தெரியும். நான் போகாமல் இருக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும், ஆனால் அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதற்கு வெட்கப்படவில்லை. எம்ப்ரெட்டுக்குக் குடிசை என்றால் எனக்குப் பிரசவம். அவரவர் கையில் இருப்பதைத்தான் பிடித்து இழுக்க முடியும்.

கடைசி நாள் மார்ச் முப்பத்தொன்று. உன் தாளை மறு தபாலில் அனுப்பு. அதற்கு ஒரு கையெழுத்தும் இரண்டு சாட்சியும் போதும், வருஷக் கணக்கு ஒன்றும் வேண்டாம்.

குன்வோர்


ஹோல்மெடால்,
6 ஏப்ரல் 1924

அன்புள்ள தம்பி,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு முடியவில்லையா? டக்னிக்கு ஒன்றும் இல்லையே? எதுவானாலும் ஒரு வரி எழுது.

நடந்ததைச் சொல்கிறேன். முப்பத்தொன்றாம் தேதி அதிகாரி வீட்டு முன்னறையில் நிற்க இடமில்லை. எம்ப்ரெட் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மகன் ஆக்செல். "லீசெரூட் என்ற பெயருக்கு உரிமை கோருபவர்கள்" என்று அதிகாரி தொடங்கினார். எம்ப்ரெட், ஆக்செல் என்று இரண்டு பெயர் படித்துவிட்டு நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மறுபடி படிக்க ஆரம்பித்தார்.

"பெர்த்தெ லீசெரூட். க்னூட் லீசெரூட். குன்வோர் லீசெரூட்."

படித்துக்கொண்டே போனார். கால் மணி நேரம் ஆயிற்று. அறுபத்து மூன்று பேர்! எம்ப்ரெட் எழுந்து, "இதெல்லாம் பொய்! இவங்க எல்லாம் எங்க வீட்டு ஆளுங்க!" என்று கத்தினார்.

"உங்க வீட்டு ஆளுங்கதான் பண்ணையாரே" என்றாள் பெர்த்தெ. "அதனாலதானே ஒரே பேரு வச்சுக்கிட்டோம். இனிமே நாம சொந்தக்காரங்க. ஞாயித்துக்கிழமை சாப்பிட வரட்டுமா?"

தம்பி, அந்தச் சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். போன நவம்பரில் அவருக்காகச் சிரித்த அதே வாய்கள். சட்டப்படி எல்லாம் சரி என்று அதிகாரி முத்திரை வைத்தார். எம்ப்ரெட் கோட்டை மாட்டும்போது கை உள்ளே போகவில்லை. மகன்தான் பிடித்துப் போட்டுவிட்டான்.

வீட்டுக்கு வந்து ஒரு முழுக் காப்பிப் பாத்திரத்தையும் நானே குடித்தேன்.

அறுபத்து நான்காவது தாள் வரவில்லை. வாசலில் தபால்காரனைக் கடைசி நிமிஷம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அக்கா,
குன்வோர்


கிறிஸ்டியானியா,
25 மே 1924

அன்புள்ள அக்கா,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. நான் படுத்திருந்தேன், இருமல் திரும்பிவிட்டது. இப்போது எழுந்து நடமாடுகிறேன்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. டக்னிக்கு நான்கு மாதம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து! மருத்துவர் அக்டோபர் கடைசி அல்லது நவம்பர் என்கிறார். அவள் காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை, காய்ந்த தட்டை ரொட்டியை மட்டும் கொறிக்கிறாள். என்ன செய்ய வேண்டும் என்று எழுது. உன்னை விட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

கடைசித் தேதி என் படுக்கையிலேயே போய்விட்டது. போகட்டும். ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. லீசெரூட் பெயரின் பிறப்பைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதி, பெயர் போடாமல் உங்கள் பக்கத்துப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அடுத்த வாரம் வரும். நீ விரும்பியது இதுதானே?

உன் தம்பி,
தோர்கில்


ஹோல்மெடால்,
27 ஜூலை 1924

தோர்கில்,

டக்னி காலையில் எழுவதற்கு முன் படுக்கையிலேயே இரண்டு வாய் ரொட்டி சாப்பிடட்டும். அதிக நேரம் நிற்க வேண்டாம். கால் வீங்கினால் உடனே மருத்துவரிடம் காட்டு.

கட்டுரை வந்தது. ஊரில் அதைப் படிக்காதவர்கள் இல்லை, படிக்கத் தெரியாதவர்கள் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். கடையில் யாராவது "லீசெரூட்!" என்று கூப்பிட்டால் ஐந்து பேர் திரும்புகிறார்கள். ஆக்செலுக்கு ஹாமார் பக்கத்து மர வியாபாரி ஒருவர் வீட்டில் பெண் பேசியிருந்தார்கள். அந்தச் சம்பந்தி எழுதிய கடிதத்தைப் புதுத் தபால்காரன் க்னூட்டிடம் கொடுத்துவிட்டான். க்னூட்டுக்குப் படிக்கத் தெரியாது. கடைக்காரனிடம் கொடுக்க, அவன் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்துவிட்டான். 'பத்திரிகையில் வந்தது உண்மையா? அடிமை வம்சமென்று எங்களிடம் ஏன் சொல்லவில்லை?' என்று அதில் இருந்ததாம். நிலம் பிறகு விலைக்கு வாங்கியது என்ற வரியை அவர் கவனிக்கவில்லை போலிருக்கிறது. சம்பந்தம் நின்றுபோயிற்று. எம்ப்ரெட் ஜூன் மாதத்திலிருந்து ஆராதனைக்கு வருவதில்லை.

இதையெல்லாம் சந்தோஷமாக எழுதத்தான் நினைத்திருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எம்ப்ரெட் தனியாக நடந்து வந்தார். கம்பு ஊன்றியிருந்தார்.

"உக்காரச் சொல்ல மாட்டியா, குன்வோர்?"

"நின்னே சொல்லுங்க."

"ஒரு சிலுவைக்காகவா இத்தனையும் பண்ண?"

"அதுல இருந்த பேருக்காக."

"சரி. அழிக்கச் சொன்னது நான்தான். ஒத்துக்கறேன். ஆனா இழைப்புளியப் பிடிச்சது யாரு கைன்னு உன் தம்பிகிட்டக் கேளு. பதினாலு வயசுல ஒரு குடிசைப் பையனுக்குக் கிறிஸ்டியானியாவுல எழுத்து வேலை யாரு வாங்கிக் குடுத்தான்னும் கேளு. பாதிரியார்னா நினைச்சுக்கிட்டிருந்த? பாதிரியாருக்கு வேற வேலை இல்லையா?"

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மழை வந்தது. துணிகளை எடுக்கவில்லை.

பொய் என்று ஒரே ஒரு சொல் எழுது. போதும்.

குன்வோர்


கிறிஸ்டியானியா,
28 செப்டம்பர் 1924

அன்புள்ள அக்கா,

உன் நலம் கேட்கக்கூட எனக்குத் தைரியமில்லை. இந்தக் கடிதத்தை இரண்டு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

அது பொய் இல்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். நீ அப்போது வேலை செய்த பண்ணைக்குத் திரும்பிப் போயிருந்தாய். அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள். அப்பாவின் இழைப்புளி பலகை மேல் இருந்தது. "உங்கப்பன் கடனா வெட்டிக் குடுக்க வேண்டிய மரத்த இனி நீதான் வெட்டணும். அவன் செத்த மாதிரி நீயும் சாவே. இல்லன்னா இந்த ஒரு வேலைய செய். வசந்தத்துல கிறிஸ்டியானியா வண்டியில ஏத்தி விடறேன்" என்றார். நான் செய்தேன். மரம் ஈரமாக இருந்தது, சுலபமாக வந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ அங்கே நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "இத செஞ்ச கை அழுகிப் போகட்டும்" என்று சொன்னாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் சொல்ல நினைத்தேன். சொல்லாத ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் சொல்வதைக் கஷ்டமாக்கியது. படிவத்தைப் பலமுறை எடுத்தேன். 'லீசெரூட்' என்று எழுத இந்தக் கை வரவில்லை. இங்கே எல்லோருக்கும் நான் வெறும் பேடர்சன்தான். படுத்திருந்தேன் என்று எழுதியதும் பொய்.

ஆனால் இப்போது ஒரு குழந்தை வருகிறது, அக்கா. அதற்கு அப்பாவின் பெயரைக் கொடுக்க ஆசைப்படுகிறேன். தேதி தாண்டிவிட்டதால், இனி அந்தப் பெயரில் சேர விரும்புகிறவர்களுக்கு அதை வைத்திருக்கிற அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும் என்கிறார்கள். சம்மதத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ எப்படியும் எல்லா வீட்டுக்கும் போகிறவள். என்னை மன்னிக்க வேண்டாம். குழந்தைக்காகச் செய்.

உன் தம்பி,
தோர்கில்


ஹோல்மெடால்,
9 நவம்பர் 1924

மதிப்பிற்குரிய திரு. பேடர்சன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் அனுப்பிய சம்மதத் தாள் கிடைத்தது. ஆண் குழந்தை பிறந்திருப்பதாகவும், தாயும் சேயும் நலமென்றும் தங்கள் மனைவி எழுதியிருந்தார். மகிழ்ச்சி. முதல் ஆறு வாரம் அவர் கனமான எதையும் தூக்கக் கூடாது.

தாங்கள் கேட்டபடி தாளை வீடு வீடாகக் கொண்டுபோனேன். தாங்கள் எனக்கு எழுதியதை யாரிடமும் சொல்லவில்லை. ஒருவர்கூட மறுக்கவில்லை. பெர்த்தெ, "பேடரோட மகனுக்கு இல்லாத பேரா?" என்று கேட்டுக்கொண்டே கைநாட்டு வைத்தாள். க்னூட் புதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கைநாட்டு வைத்தான். அந்தக் குழந்தையை மே மாதம் நான்தான் எடுத்தேன்.

கடைசியாகப் பண்ணை வீட்டுக்குப் போனேன். இருபது வருஷத்தில் முதல் தடவை அந்தப் படியில் ஏறினேன். ஆக்செல் கையெழுத்துப் போட்டான். எம்ப்ரெட் ஜன்னலோரம் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டார்.

"அவன் எழுதிட்டானா?" என்று கேட்டார்.

"எழுதிட்டான்."

பேனாவை வாங்கிப் பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது விடாமல் பிடித்துக்கொண்டார்.

"அவன் சின்னப் பையன், குன்வோர். எனக்குப் பயந்துதான் செஞ்சான். என்னப் போட்டு வாட்டிட்ட, சரி. அவன விட்டுடு."

எனக்காக யாரிடமும் ஒரு வார்த்தை பரிந்து பேசாத மனுஷன் தங்களுக்காகப் பேசினார். நான் தாளை இழுத்து வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

தாளில் அறுபத்தைந்து இடம் இருக்கிறது. அறுபத்து நான்கு நிரம்பிவிட்டது. மிச்சம் இருக்கிற ஒன்று என்னுடையது. அது அப்படியே இருக்கும். தாளைத் தங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன்.

பதினான்கு வயதுப் பையனை எப்போதோ மன்னித்துவிட்டேன். கொட்டகையில் அவன் எப்படி நடுங்கியிருப்பான் என்று நினைத்து அழவும் செய்தேன். முப்பத்து நான்கு வயது ஆளைத்தான் என்னால் முடியவில்லை. ஒவ்வொரு கோடையிலும் வந்து என் மேஜையில் சாப்பிட்டு, நான் அந்தக் கையைச் சபிப்பதைக் கேட்டுக்கொண்டு, அதே கையால் இன்னும் கொஞ்சம் வெண்ணெய் எடுத்துப் பூசிக்கொண்டவரை. க்னூட் தாளைத் திருப்பிக் கேட்டதற்காக அவன் மனைவியை நான் மிரட்டியதை எழுதியபோதாவது அவர் வாய் திறந்திருக்கலாம்.

இத்துடன் ஒரு பொட்டலம் இருக்கிறது. குழந்தைக்கு இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை, தங்கள் மனைவிக்கு ஒரு சால்வை. வெந்நீரில் துவைத்தால் சுருங்கிவிடும்.

பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பேடர்சன் ஒன்றும் குறைந்த பெயரில்லை. நாடு முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் வைத்திருக்கிறார்கள். அதன் பொருளைத் தேட எந்தக் கீழ் அறைக்கும் போக வேண்டியதில்லை. பேடரின் மகன், அவ்வளவுதான். பழைய வழக்கம் இருந்திருந்தால் தங்கள் மகன் தோர்கில்சன் ஆகித் தப்பித்திருப்பான். புதுச் சட்டத்தின்படி அவனும் பேடர்சன், அவன் பிள்ளைகளும் பேடர்சன். அலுவலகத்திலும் கடையிலும் தெருவிலும் யார் தங்களைக் கூப்பிட்டாலும் பேடரின் மகனே என்றுதான் கூப்பிடப் போகிறார்கள். ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குன்வோர் லீசெரூட்
மருத்துவச்சி